ஆஸ்பத்திரிக் குளிசை மட்டமான குளிசையா?

கேள்வி (வட்டவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அப்பாவுக்கு சீனியும் பிரஷரும். கிளினிக்ல குடுக்கிற குளிசை மூணு வருஷமா குடிக்கிறார், சீனி குறையிற பாடில்ல. போன மாசம் டவுன்ல ஒரு டொக்டர்கிட்ட காசு கட்டிக் காட்டினோம். அவர் எழுதின குளிசை பெட்டியில வருது, விலையும் கூட. ஆனா அதக் குடிச்சதுக்குப் பிறகு சீனி இறங்கியிருக்கு. அரசாங்கம் ஒரு லிஸ்ட் வச்சிருக்காம், ‘அத்தியாவசிய மருந்து’னு, அதுல இருக்கிற சாமான் மட்டுந்தான் நமக்குக் குடுப்பாங்களாம். அது ஏழைப்பட்டவனுக்குனு ஒதுக்கின மட்ட லிஸ்ட்தானே? வெளிப்படையா சொல்லுங்க.

2025 ஜனவரி 12, ஞாயிறு, இரவு 8.50

இல்லை.

ஹட்டன் டவுனில் ஒரு பாமசி கவுண்டருக்குப் பின்னால் ஒன்பது வருஷம் நின்றவன் நான். இப்போது வேறு வேலை. இந்தக் கேள்வியைக் கிழமைக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பேன். ‘ஆஸ்பத்திரிது வேணாங்க, நல்லதா ஒன்னு குடுங்க’ என்பார்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன். சீனிக் குளிசையான மெட்ஃபோமின் கேட்டு வந்தவருக்கு வேறு கம்பெனி மெட்ஃபோமின். பெட்டியில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், உண்மையான பெயர் அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இருக்கும். காசு கூடக் கொடுத்துவிட்டுத் திருப்தியாகப் போவார்கள்.

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். டவுன் டொக்டர் தந்த பெட்டியில் அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கள். பிறகு அப்பாவின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள்.

இனி லிஸ்ட். உலக சுகாதார ஸ்தாபனம் 1977இல் முதல் பட்டியலைப் போட்டது. அப்போது ஏறத்தாழ 200 மருந்து. இப்போது 500க்கு மேல். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிபுணர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, ஆபத்து எவ்வளவு, அதே வேலையைச் செய்கிற மற்ற மருந்தோடு வைத்துப் பார்த்தால் கொடுக்கிற காசுக்குத் தகுமா. இதுதான் கேள்வி. ஏழைக்கு எது போதும் என்று யாரும் அங்கே கேட்பதில்லை. இன்சுலின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளும், கடைசிக் காலத்து வலிக்குக் கொடுக்கிற மோர்பினும் இருக்கின்றன. 2017இல் ஒட்சிசனைக்கூட அறுவைச் சிகிச்சைக்கு வெளியேயும் வேண்டிய மருந்தாகச் சேர்த்தார்கள். மட்ட சாமான் என்று இதில் எதைச் சொல்வது?

அதே இரவு, 11.10

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அந்தப் பட்டியல் ஒரு மாதிரி மட்டுமே. அதை அப்படியே எந்த நாடும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு நாடும் தன் நோய், தன் காசு பார்த்துத் தனக்கென்று ஒன்று போட வேண்டும், நம் நாட்டுக்கும் தனியாக இருக்கிறது. அதற்குள்ளும் தரம் பிரிப்பு உண்டு. இல்லாவிட்டால் உயிர் போகும் என்பது ஒன்று, கட்டாயம் தேவை என்பது ஒன்று, இருந்தால் நல்லது என்பது ஒன்று. காசு இறுகும்போது கடைசி வகையில் கை வைத்து முதல் வகையைக் காப்பாற்ற வேண்டும் என்பது கணக்கு.

உலகப் பட்டியலில் சில மருந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருப்பார்கள். ‘இதுவோ, இதே குடும்பத்தில் இன்னொன்றோ, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடு’ என்று பொருள். எனக்கு அந்தச் சதுரம் ரொம்பப் பிடிக்கும். மளிகைக் கடைக்கு அனுப்பும்போது அம்மா ‘அந்தப் பருப்பு இல்லாட்டி இந்தப் பருப்பு’ என்று சொல்லி அனுப்புவதுபோல.

2025 ஜனவரி 14, தைப்பொங்கல்

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. சீனி வருத்தக்காரர்கள் சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து மட்டும் கும்பிடவும். (என் அம்மா இதைக் கேட்பதாக இல்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டிருக்கிறார்.)

ராகலைக்காரர் ஒருவர், ‘இது வெள்ளைக்காரன் நம்ம தலையில கட்டின லிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, அவர்களுக்கு முன்னால் நாம் தொடங்கியது இது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனை மருத்துவ பீடத்துக்கு டீனாக இருந்தவர், நம் மலைக்குப் பக்கத்து ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம். அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் 1971இல் நாட்டுக்கு மருந்து வாங்குவது பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். தனியார் 2,100 வகை போல இறக்குமதி செய்துகொண்டிருந்ததை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரில் வாங்குவது, உலகம் முழுக்க டெண்டர் கேட்டு மொத்தமாக வாங்குவது எல்லாம் அப்போது தொடங்கியவை. பிபிலே 1977 செப்டெம்பரில் கயானாவில் இறந்தார். உலகப் பட்டியலும் அதே வருஷம்தான் வந்தது.

‘மிச்சம் 1,500 மருந்து என்ன ஆச்சு, அதெல்லாம் சும்மாவா?’ என்று கேட்காதீர்கள். ஒரே மருந்து பத்துப் பெயரில் இருந்தால் அது பத்து மருந்தாகாது. எங்கள் கடை அலுமாரியில் கண் மட்டத்துத் தட்டு முழுக்க டொனிக் போத்தல். அந்தத் தட்டு இல்லாமல் போயிருந்தால் முதலாளிதான் சுகவீனப்பட்டிருப்பார்.

2025 ஜனவரி 15

டொனிக்கைப் பற்றி எழுதியது பலருக்குக் கோபம். சரி, என் குற்றத்தையும் சொல்கிறேன்.

தோட்டத்துச் சம்பளம் 10ஆம் தேதி, அட்வான்ஸ் 25. அதை வைத்தே கடை வியாபாரம் ஏறி இறங்கும். பத்தாம் தேதிக்குப் பிறகு வருபவர் ஒரு காட் (குளிசைத் தகடு) முழுசாக வாங்குவார். இருபதாம் தேதி வருபவர் காட்டை வெட்டித் தரச் சொல்வார். ‘ரெண்டு கெப்சூல் குடுங்க தம்பி, புள்ளைக்கு தொண்ட நோவு.’ சிவப்பும் மஞ்சளுமாக அமொக்சிசிலின். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, அதிலும் இரண்டே இரண்டு கொடுக்கவே கூடாது என்பது எனக்குத் தெரியும். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன். அவர் மூன்றாம் நாள் வந்து ‘அது கேக்கல, பவர் கூடினது குடுங்க’ என்பார். அசித்ரோமைசின் எடுப்பேன். முக்கால்வாசித் தொண்டை நோவு வைரஸ். கெப்சூலே தேவையில்லை.

2017இல் உலகப் பட்டியலில் அன்டிபயட்டிக்கை மூன்றாகப் பிரித்தார்கள். முதலில் எடுக்க வேண்டியவை, பார்த்து எடுக்க வேண்டியவை, வேறு ஒன்றும் கேட்காதபோது மட்டும் தொட வேண்டியவை. அமொக்சிசிலின், டொக்சிசைக்கிளின் எல்லாம் முதல் கூட்டம். அசித்ரோமைசினும் சிப்ரோபுளொக்சசினும் இரண்டாவது. நான் கவுண்டரில் முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஏறியதற்குக் காரணம் ஒரு தடிமல்.

இப்படி எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

2025 ஜனவரி 19

பண்டாரவளை அக்கா கேட்டது நியாயமான கேள்வி: லிஸ்ட்ல இருக்கிற மருந்து எல்லாருக்கும் ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்ளாது. எங்கள் அம்மாயியின் கதை இது.

அவருக்கு அறுபது கடந்தும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவார். சீனிக்கு கிளிபென்கிளமைட் கொடுத்திருந்தார்கள். காலையில் சாப்பாட்டோடு ஒன்று. ஆனால் அம்மாயியின் காலை எப்படி? ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, வெறும் தேத்தண்ணி ஒரு கோப்பை, ரொட்டியைத் துணியில் கட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு. குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுவார், மலையில் தண்ணிக்கு எங்கே போவது என்று. ரொட்டியைப் பிரிப்பது ஒன்பதரைக்கு. அந்தக் குளிசை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கிற வகை, வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது.

ஒரு நாள் ஏழாம் நம்பர் மலையில், மழைக்காலம், எல்லோரும் குளிரில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அம்மாயிக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கிக் கொழுந்து கீழே விழுகிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாராம், செத்துப்போன தன் அக்காவைக் கூப்பிட்டாராம். பேய் பிடித்தது என்று ஒருத்தி சொல்ல, பக்கத்து நிரையில் நின்ற சின்னம்மா மட்டும் தன் போத்தலில் இருந்த சீனித் தேத்தண்ணியை வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அம்மாயி எழுந்து உட்கார்ந்து, ‘என் கூடைய யாரு எடுத்தது?’ என்று கேட்டாராம். அந்த நாளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், அதாவது அரை நாள் சம்பளம். அதுதான் அவருக்கு இன்றுவரை கோபம்.

(நினைவு தப்பிக் கிடக்கிறவரின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். அம்மாயி விழுங்குகிற நிலையில் இருந்தார்.)

2013இல் உலகப் பட்டியலில் இதை மாற்றினார்கள். கிளிபென்கிளமைட் இருந்த இடத்தில் கிளிக்லசைட், கூடவே அறுபது கடந்தவர்களுக்குக் கிளிபென்கிளமைட் பொருந்தாது என்று ஒரு குறிப்பு. அந்த ஒரு வரியை வாசித்த அன்று அம்மாயி மலையில் இருந்த இருப்பு எனக்கு ஞாபகம் வந்தது. எந்த ஊரிலோ, எத்தனையோ கிழவிகள் வேர்த்து விழுந்த பிறகு எழுதப்பட்ட வரி.

2025 ஜனவரி 20

தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சின்னம்மா போத்தலில் எப்போதும் பாகு மாதிரிதான் இருக்கும். அவருக்கு இப்போது சீனி வருத்தம்.

2025 ஜனவரி 26

‘லிஸ்ட் நல்ல லிஸ்ட்தான், மருந்து எங்க?’ என்று இரண்டு பேர். இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 2022இல் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரி அலுமாரிகள் வெறுமையானதை எல்லோரும் பார்த்தோம். நம் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. பேராதனையில் சத்திரசிகிச்சைகளையே தள்ளிப் போட்டார்கள். அவசரமில்லாத வகையை வெட்டி அவசர வகையைக் காப்பாற்றுவது என்று மேலே கணக்குச் சொன்னேனே, வெட்டுவதற்கே ஒன்றும் இல்லாதபோது அந்தக் கணக்கு எங்கே போகும்?

அப்போது நான் கவுண்டரில்தான். வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய துண்டோடு வரிசை. ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும், பத்து நாளைக்கு வாங்குவார்கள். என் அம்மாவும் பிரஷர் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். கடையில் மருந்து விற்கிற மகன் வீட்டில்!

2016இல் 48 மருந்துக்கு உச்ச விலை போட்டபோது நிறையப் பேருக்கு மூச்சு வந்தது உண்மை. ஆனால் விலைக் கட்டுப்பாடு அலுமாரியில் இருக்கிற சாமானுக்குத்தான்.

2025 பெப்ரவரி 2

கொஞ்சம் திசை மாறுகிறேன், நேற்று நடந்தது. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. பனி ஒரு பக்கம், விறகடுப்புப் புகை ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் பம்ப் கொடுத்திருக்கிறார்கள், மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல். வீட்டில் அதை மேலே வைத்துவிட்டுப் பாணி மருந்து கொடுக்கிறார்கள். ‘பம்ப் அடிச்சா பழகிரும்’ என்கிறார் அந்தப் பிள்ளையின் அப்பாயி. இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து நான் ஒன்பது வருஷம் தோற்றவன்.

பம்பில் போகிற மருந்து நேரே நெஞ்சுக்கு, ரொம்பக் கொஞ்சம். பாணியில் போவது உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கி, நெஞ்சு படபடத்துப் பிறகுதான் சுவாசப்பைக்கு. பிள்ளைக்கு மூச்சை இழுத்து அடக்கத் தெரியாது என்பதால் பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு குடுவை வேண்டும். அது விலை. ஆனால் அரை லீட்டர் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றி இறுக்கி ஒட்டிக் கொடுத்தாலும் அதே வேலை செய்யும். தென்னாப்பிரிக்காவில் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். வார்டில் ஒரு மிஸ் (தாதி) கம்பியைச் சூடாக்கி ஓட்டை போட்டதை நான் நின்று பார்த்திருக்கிறேன். நேற்று நானும் போட்டேன். முதல் போத்தல் உருகிப் போனது. இரண்டாவது சரி. பிள்ளை பத்து மூச்சு இழுத்தது, விசில் சத்தம் குறைந்தது, அப்பாயி என்னைப் பார்க்கவே இல்லை.

2025 பெப்ரவரி 4

இன்று லீவு. பாம்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: ‘விஷமுறிவு ஊசி லிஸ்ட்ல இருக்குதானே, மச்சானுக்கு பாம்பு கடிச்சு ஏன் போடல?’

எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்தது. நமக்கு வருகிற ஊசி இந்தியாவில் செய்வது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை, இந்த நாலுக்கும்தான் அது. நம் தேயிலை மலையில் காலடியில் கடிப்பது பெரும்பாலும் மூக்கு மேலே தூக்கின குட்டை விரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். அதற்கு அந்த ஊசி கேட்காது. போட்டால் விஷம் முறியாது, ஒவ்வாமை மட்டும் வரலாம், அதில் ஆளே சரியலாம். போடாமல் வைத்துப் பார்த்த டொக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். சிறுநீரகம் பழுதாகிறதா, இரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வைத்தியம். மலைக்கு மலை பாம்பு வேறு, அதனால்தான் உலகப் பட்டியலை அப்படியே எடுக்க முடியாது என்று முதல் நாள் ராத்திரி எழுதினேன்.

மச்சான் சுகம் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோனார்களாம், அதுவும் பையிலிருந்து ஊர்ந்ததாம். போட்டோ போதும் மக்களே.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

வட்டவளைத் தம்பி ஒரு மாதம் கழித்து வந்து பதில் போட்டிருக்கிறார். டவுன் பெட்டியில் சின்ன எழுத்தில் மெட்ஃபோமின் 500. கிளினிக் கொப்பியில் மெட்ஃபோமின் 500. பிரஷர் குளிசை லொசார்டனும் அதே. நான் சொன்னேனே என்று எழுத வாய் வந்தது. நல்லவேளை, அவர் பதிலின் மிச்சத்தையும் வாசித்தேன்.

கிளினிக்கில் மூன்று உறை, சீனிக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. வெள்ளைக் கடதாசி உறை, மேலே பேனாவால் கிறுக்கின இங்கிலீஷ் எழுத்து, எப்படிக் குடிப்பது என்று அச்சடித்திருப்பது சிங்களத்தில். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான், அதுவும் எழுத்துக் கூட்டி. மூன்றுமே வெள்ளைக் குளிசை. லயத்துக் கூரை ஒழுகி உறைகள் நனைந்து கிழிவதால், வந்த அன்றே மூன்றையும் ஒரு விசுக்கோத்து டின்னில் கொட்டிவிடுவாராம். ‘மூணு வகை’ என்று மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆகவே தினமும் காலையில் டின்னில் கை விட்டு மூன்று எடுத்து விழுங்குவார். மூன்று வருஷமாக. ஒரு நாள் மூன்றும் சீனிக் குளிசையாக இருந்திருக்கும், ஒரு நாள் மூன்றும் கொழுப்புக் குளிசை. பெட்டியில் வந்தது காட். அதைக் கொட்ட முடியாது. ஒவ்வொன்றும் தன் தகட்டிலேயே இருந்ததால் அதை மட்டும் சரியாகக் குடித்திருக்கிறார்.

அதனால் தம்பி, முதல் நாள் நான் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் வந்தது நன்றாக வேலை செய்கிறது என்று நீங்கள் பார்த்தது சரி. மருந்து அதே மருந்து. வித்தியாசம் அந்தத் தகட்டில் இருந்திருக்கிறது. நான் கவுண்டரில் நின்ற காலத்தில் எத்தனை ஆயிரம் குளிசையை எண்ணி உறையில் போட்டேன், ஒரு உறையிலாவது தமிழில் ‘சீனி’ என்று எழுதினேனா? இல்லை. பின்னால் வரிசை நின்றது, எழுதவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கையாக. டின்னை அப்பா கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டாம், நீங்களும் வேண்டாம். படம் போட்டிருக்கிறீர்கள், பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது வருஷம் எண்ணினவன், எனக்கும் எது எது என்று சொல்ல முடியவில்லை. டின்னோடு கிளினிக்குக்குப் போங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். எல்லாம் ஒழுங்காகக் குடித்தும் குறையவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டியிருப்பார்கள், அதையும் கேளுங்கள். அப்பாவுக்கு அன்று பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் அவர் வரமாட்டேன் என்பார். நீங்கள் கொப்பியையும் டின்னையும் கொண்டுபோனாலும் பேசுவார்கள்.

அதே நாள், இரவு

மஸ்கெலியாவிலிருந்து ஒரு டீச்சர்: தன் அம்மாவின் உறைகளில் பிள்ளைகளின் கலர் பென்சிலால் சூரியனும் நிலாவும் சோற்றுக் கோப்பையும் வரைந்து, ஒவ்வொரு உறையையும் வேறு வேறு ஜாடியில் போடுகிறாராம். சீனிக்கு எறும்பு வரைந்திருக்கிறார். பிரஷருக்கு என்ன வரைவது என்று கேட்கிறார். நாங்கள் வீட்டில் யோசித்தோம். அம்மா, தோட்டத்துத் துரையின் முகத்தை வரையச் சொல்கிறார்.